வாழைத்தார் தொங்கிய இடத்தில்

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங்கின் மலைச்சரிவில், எஸ்கேப் என்ற விளையாட்டுப் பூங்கா 2012-இல் திறக்கப்பட்டது. ராட்சத ராட்டினமும் கார்ட்டூன் வேடமிட்டவர்களும் நிறைந்த பூங்கா அல்ல அது. கயிற்றில் ஏறுவது, மரத்துக்கு மரம் தாவுவது, காற்றடைத்த வளையத்தில் உட்கார்ந்து சரிவில் வழுக்கிவருவது போன்றவைதான் அங்கே விளையாட்டு. ஏறுகிறவரின் கையும் காலும்தான் பெரும்பாலும் இயந்திரம். நீர்ப்பூங்காக்கள் கட்டுவதில் அனுபவம் பெற்ற சிம் சூ கெங், ஒரு தலைமுறைக்கு முந்தைய கம்பத்துப் பிள்ளைகளின் விளையாட்டை மீட்டுத் தரும் நோக்கத்தோடு இதை அமைத்தார்.

கெடாவின் பெண்டாங்கிலிருந்து அங்கே போக வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையே வசதி. வயல்வெளி முடிந்ததும் வலப்புறம் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை தெரியும். சுங்கைப் பட்டாணியைக் கடந்து, 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் நுழைந்து, பத்து ஃபெரிங்கி கடற்கரை வழியாக வளைந்து வளைந்து செல்ல வேண்டும். இக்கட்டுரையாளரும் அவர் மனைவியும் இரண்டு நாள் ஓய்வுக்காகச் சென்ற வழி இதுதான்.

பூங்காவின் பேர்பெற்ற அம்சம் 2019-இல் திறக்கப்பட்ட குழாய் நீர்ச்சறுக்கு. நீளம் 1,111 மீட்டர். அதற்கு முன் உலகச் சாதனையாக இருந்த ஜெர்மனியின் சறுக்கு 360 மீட்டரைக்கூட எட்டவில்லை. காட்டின் நடுவே கீழே வந்துசேர ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். மேலே போவதற்கு, கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலி. கால்கள் அந்தரத்தில் ஆட, மரங்களின் தலைக்கு மேல் நாற்காலி மெதுவாக நகர்ந்தபோது மனைவி கேட்டார்: "ஏங்க, இத மொதல்ல எதுக்குச் செஞ்சிருப்பாங்க?" இந்தத் தேடலைத் தொடங்கிவைத்தது அந்தக் கேள்வி.

நாற்காலியின் பூர்வீகம் தேடப்போனால், எதிர்பாராத வகையில், வாழைத்தாரில் போய் முடிகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்கு விடுதியை யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் 1936-இல் திறந்தது. சறுக்குவோரை மலைமேல் ஏற்ற ஒரு வழி தேவைப்பட்டது. நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கரன் முன்பு வெப்பமண்டலத் துறைமுகங்களில் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கருவியோடு பழகியவர். ஓடும் வடத்தில் வரிசையாகக் கொக்கிகள் இருக்கும்; தாரைக் கொக்கியில் மாட்டினால் அது கப்பலுக்குப் போய்ச் சேரும். கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் என்ன என்று கரன் யோசித்தார். நெப்ராஸ்காவிலுள்ள ஒமாஹாவில், ஒரு சிறு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, சக்கரக் காலணி அணிந்து நின்றவரை ஓடும் நாற்காலி அள்ளிக்கொள்ள எவ்வளவு வேகம் தோதானது என்று சோதித்தார்கள். தோட்டத்துச் சுமை தொங்கிய இடத்தில் மனிதர் உட்கார்ந்த கதை இப்படித் தொடங்கியது.

பொதுவாகப் பூங்காக்களின் மற்ற விளையாட்டுகளைத் துருவினாலும், வேலைக்கான கருவி விளையாட்டான இதே தடம் தெரிகிறது. ரோலர் கோஸ்டர் அதற்கு நல்ல சான்று. பென்சில்வேனியாவில் சம்மிட் ஹில் சுரங்கத்திலிருந்து மாக் சங்க் ஊருக்கு 1827-இல் சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். நிலக்கரி ஏற்றிய பெட்டிகள் தம் எடையாலேயே சரிவில் ஓடிவந்தன. கோவேறு கழுதைகளும் அதே வரிசையில் ஒரு பெட்டியில் ஏறிக் கீழே வந்தன. திரும்பும்போது காலிப் பெட்டிகளை மேலே இழுத்துச் செல்வது அவற்றின் வேலை. இறங்கும்போது சவாரி, ஏறும்போது இழுவை என்ற அந்தக் கழுதைகளின் வாழ்க்கை ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் புரியும். வேடிக்கைக்காக ஏற வந்தவர்கள் வரவரப் பெருகினார்கள். 1872-இல் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை திறந்து கரி வேறு வழியில் போகத் தொடங்கியதும், அந்தத் தடம் முழுக்க உல்லாசப் பயணிகளுடையதாகி 1933 வரை ஓடியது. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லமார்கஸ் தாம்சன் 1884-இல் தொடங்கிய சவாரி இதன் குட்டி வடிவம். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவு, கட்டணம் ஐந்து சென்ட்.

மரம் வெட்டுவோர் மலையிலிருந்து கட்டைகளை இறக்கக் கட்டிய நீர்வாய்க்கால், 1963-இல் டெக்சாஸ் பூங்கா ஒன்றில் படகுச் சவாரியாயிற்று. ராட்டினம் என்ற தமிழ்ச் சொல்லோ வேறு ஆராய்ச்சியே தேவையில்லாமல் வேலைக்கும் விளையாட்டுக்குமான இந்த உறவைச் சொல்லிவிடுகிறது. நூல் நூற்பதும் ராட்டினம், கிணற்றில் நீர் இறைப்பதும் ராட்டினம், திருவிழாவில் சுற்றுவதும் ராட்டினம். மனிதரை ஏற்றிச் சுழலும் சக்கரத்தை, இன்று பல்கேரியாவிலுள்ள பிளோவ்டிவ் நகரில், 1620-இல் ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி பார்த்து எழுதிவைத்தார்.

ஆனாலும் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. குதிரை ராட்டினத்தின் வேர் குதிரை வீரர்களின் பயிற்சியில் இருக்கிறது. ரஷ்யாவின் பனிச்சறுக்கு மேடைகள் தொடக்கத்திலேயே விளையாட்டுக்காகக் கட்டப்பட்டவை. ரோலர் கோஸ்டரின் இன்னொரு வேர் அங்கே போகிறது. அதனால்தான் பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளில் அதற்கு இன்றும் 'ரஷ்ய மலை' என்று பெயர்.

மலாயாவில் இந்தச் சவாரிகள் வேரூன்றியது இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில். வேல்ஸ் இளவரசர் வருகையையொட்டிச் சிங்கப்பூரில் 1922-இல் மலாயா-போர்னியோ கண்காட்சி நடந்தது. அடுத்த ஆண்டே ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹொக் சகோதரர்கள் ஜாலான் புசாரில், சிராங்கூன் சாலைக்கு அருகே, நியூ வேர்ல்டு பூங்காவைத் திறந்தார்கள். சவாரி, பங்சாவான் நாடகம், குத்துச்சண்டை, நடனக்கூடம், படக்காட்சி எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தன. பினாங்கிலும் அதே பெயரில் ஒரு பூங்கா வந்தது. தொலைக்காட்சியும் பேரங்காடியும் பெருகியபின் இவை தேய்ந்தன. பினாங்கின் நியூ வேர்ல்டு இருந்த இடத்தில் இன்று அதே பெயரில் உணவுக்கடைகள் இருக்கின்றன. கோலாலம்பூரில் பிபி பார்க் என்ற பூங்கா இருந்த இடத்தில் சுங்கை வாங் பிளாசா நிற்கிறது. சிங்கப்பூரில் பழைய வாயில் மட்டும் காக்கப்படுகிறது.

கெடாவின் தோட்டங்களுக்கு இந்த நகரத்துப் பூங்காக்கள் தொலைவு. அங்கே பிள்ளைகளுக்குக் கிடைத்தவையும் வேலைக்கான பொருள்கள்தாம். லாரி டயரின் உள்குழாயில் காற்றடித்து ஆற்றில் மிதந்தார்கள். ரப்பர் மரத்துக் கிளையில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடினார்கள். பாக்கு மட்டை இவற்றில் முதன்மையானது. மலாய்க்காரர்கள் ஊப்பே என்று சொல்லும் அந்தப் பாளைமட்டை சோறு கட்டவும் நீர் மொள்ளவும் பயன்பட்டது. அகன்ற பகுதியில் ஒரு பிள்ளை உட்காரும். இன்னொரு பிள்ளை ஓலை நுனியைப் பிடித்து லயத்து வாசலில் இழுத்துக்கொண்டு ஓடும். தேய்ந்து ஓட்டை விழும்வரை அது வண்டி. அடுத்த வண்டிக்கு யாரும் மரம் ஏற வேண்டியதில்லை. மட்டை பழுத்துத் தானே கீழே விழும்.