நிறுத்த முடியாத ஆட்டம்

வைகை எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லைத் தாண்டியதும் அம்மா இலைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். நல்லெண்ணெய் ஊறிய பொடி இட்லி. ஜன்னலோரம் மகன், பிளஸ் ஒன் இருக்கலாம். காதில் ஹெட்செட், கையில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்.

"தம்பி, சாப்பிட்டுட்டு விளையாடுடா."

"இரும்மா, மேட்ச் போயிட்டிருக்கு."

அவன் சொல்வது உண்மை. இந்த ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது. ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கி, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை மிஞ்ச வேண்டும். நால்வர் அணியில் ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவர் பாடு திண்டாட்டம். இது தெரியாமல்தான் வீடுகளில் பாதிச் சண்டை நடக்கிறது. ஒன்று முடிந்த கையோடு அடுத்தது கூப்பிடும்; அங்கேதான் ஆபத்து.

அம்மா இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோகிறார். கண் திரையை விட்டு நகரவில்லை, வாய் மட்டும் திறக்கிறது. அரும்பு மீசையில் ஒட்டிய பொடியை முந்தானையால் துடைத்துவிடுகிறார்.

"நீதான் அவனைக் கெடுக்கிற" என்கிறார் அப்பா.

மணப்பாறைப் பக்கம் சிக்னல் போகிறது. "ச்சே!" என்று நிமிர்கிறான். கண்கள் சிவந்திருக்கின்றன. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு விரல்களை நெட்டி முறிக்கிறான். அம்மாவைப் பார்க்கிறான், அப்பாவைப் பார்க்கிறான். இதற்காகவே காத்திருந்ததுபோல் அப்பா கேட்கிறார்:

"பிசிக்ஸ்ல எவ்வளவு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மனசு வலிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வீடியோ கேம் அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கட்டுப்பாடு கைநழுவுவதும், கெடுதல் தெரிந்தும் விடமுடியாமல் தவிப்பதும் பொதுவாக ஓராண்டாவது நீடித்தால்தான் மருத்துவர்கள் அப்படிச் சொல்வார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதலே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. இவன் அந்த எல்லையைத் தொட்டுவிட்டானா என்று ரயில் இருக்கையில் உட்கார்ந்து சொல்லிவிட முடியாது. ஆனால் மார்க் கேட்கவும் திட்டவும் மட்டுமே பேச்சு மிச்சமிருக்கும் வீட்டைவிட, தன்னை நம்பிக் கூப்பிடும் அணி அந்த வயதுக்கு இனிக்கத்தான் செய்யும்.

சிக்னல் வந்துவிட்டது.

"அண்ணா, நாக் ஆயிட்டேன். ரிவைவ் குடுங்கண்ணா." குரலில் எவ்வளவு பணிவு!

"யாருடா அந்த அண்ணன்?" அம்மா கேட்கிறார்.

"தூத்துக்குடிக்காரரு. நேர்ல பாத்ததில்லம்மா."

"சாப்பிட்டாராமா?"

சிரித்துவிடுகிறான். மைக்கை உதட்டருகே இழுத்து, "அண்ணா, அம்மா கேக்குறாங்க, சாப்பிட்டீங்களா?" என்கிறான். பதிலைக் கேட்டுவிட்டு, "இன்னும் இல்லயாம்மா."

"மணி என்னாச்சு? மேட்ச் முடிஞ்சதும் அந்தப் புள்ளையப் போயி சாப்பிடச் சொல்லு."