நிலந்தொடும் உறுப்பு

உருவத்தாற் சிறியவாய்ப் பயனாற் பெரியவாய் விளங்கும் பொருள்கள் உலகிற் பல. தேரின் அச்சாணியை எடுத்துக்காட்டி இவ்வுண்மையைத் திருவள்ளுவனார் நமக்கு உணர்த்தியுள்ளார். அவர் காலத்துத் தேரின் இடத்தில் இந்நாளில் மோட்டார் நிற்கின்றது. ஆயின் அதனைக் காண்பார் கருத்துச் செல்லுமிடம் யாது? அதன் நிறமும், வடிவும், எஞ்சினின் முழக்கமுமே. அவ்வண்டி நிலத்தைத் தொடுவது ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. விரைதலும், வளைதலும், நிற்றலும் அந்நான்கு உள்ளங்கைகளின் வாயிலாகவே நிகழ்கின்றன. இதனை எண்ணுவார் சிலரே. தமிழ் பயில்வார்க்கு டயரோடு என்ன உறவென்று நண்பர் நகைக்கக்கூடும். நகுவோர் நகுக. உயிர்க்கும் சாலைக்கும் இடையே நிற்கும் ஒரு பொருளை அறிதல் யாவர்க்கும் உரியதே.

டயரின் வரலாறு சுவையுடையது. வெயிலில் இளகியும் குளிரில் விறைத்தும் பயனற்றுக் கிடந்த இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையை அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். காற்றடைத்த டயருக்கு ஸ்காத்லாந்தினராகிய இராபர்ட் வில்லியம் தாம்ஸன் 1845இலேயே உரிமை பெற்றும், உலகம் அதனை மறந்தது. பெல்பாஸ்ட் நகரிற் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் டன்லப், தம் சிறு மைந்தனின் மூன்றுசக்கர வண்டி கல் பரவிய தெருவிற் குலுங்காதோடும் பொருட்டு, 1888இல் அதனை மீண்டும் ஆக்கினார். தந்தையொருவரின் பரிவிற் பிறந்த பொருளென்பதை நெஞ்சிற் கொண்டே மேற்செல்வோம்.

2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், இங்கிலாந்து தேசத்து டெவன் மாவட்டத்தில் வாழும் எம் அம்மான் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவரிடம் 2001இற் செய்யப்பெற்ற மஸ்தா எம்.எக்ஸ்-5 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. மேற்கூரையை மடக்கித் திறக்கத்தக்கது, இருவர்க்கே இடமுள்ளது, பின்சக்கரங்களால் உந்தப்படுவது. இவ்வகை வண்டி முதன்முதல் 1989இல் சிகாகோ கண்காட்சியில் வெளியிடப்பட்டது. 2016க்குள் பத்துலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. எம் அம்மான் நெஞ்சறுவை மருத்துவம் பெற்று நலிந்திருந்த நான்கு ஆண்டுகள் அவ்வண்டி கொட்டகையில் உறங்கிற்று. உடல் தேறியதும் அவர் உள்ளம் முதலில் நாடியது அதனையே. அவர் மகளோ, பதினேழு வயது நிரம்பி, அவ்வண்டியிலேயே ஓட்டப் பழகுவேனென்று நின்றாள்.

டயர்களை நோக்கினால் குறையொன்றும் தோன்றவில்லை. நம் நாட்டு மோட்டார்த் தொழிலாளர் 'பட்டன்' என வழங்கும் மேற்பட்டையின் பள்ளம் 5 மில்லிமீட்டர் இருந்தது. அந்நாட்டுச் சட்டம் கேட்பதோ 1.6 மில்லிமீட்டரே. "மும்மடங்கு இருக்கிறது தம்பி, இதை எறிவது வீண்செலவு" என்றார் அம்மான்.

கல்வெட்டுக்களிற் பழகிய கண் எழுத்துள்ள இடத்தை விடாதன்றோ? டயரின் பக்கச்சுவரைச் சுற்றி வட்டமாய்ப் பொறித்திருந்த இந்தப் புதுவகை வட்டெழுத்தைக் குனிந்து படிக்கலானோம். '195/50 ஆர் 15, 82 வி' என்றிருந்தது. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 50 என்பது அகலத்தில் நூற்றுக்கு ஐம்பது பங்கு உயரம். ஆர் என்பது உள்நூல்கள் மையத்தினின்று ஆரம்போற் செல்லும் அமைப்பு. மிஷலின் நிறுவனத்தார் 1946இல் உரிமை பெற்றது. 15 என்பது டயர் பொருந்தும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது டயரொன்று 475 கிலோ தாங்கும் என்பதன் குறி. வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை பொறுக்கும் என்பதன் குறி. இவற்றிற்கப்பால் ஒரு சிறு கட்டத்துள் நான்கே இலக்கம் இருந்தன: 1411. அஃது 2011ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளம் இளமை காட்டிற்று. எழுத்தோ பதின்மூன்று வயதென்று சான்று பகர்ந்தது.

இரப்பர் ஓடித்தேய்வது மட்டுமன்று, நின்றும் மூப்பெய்துவது. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் அதனைச் சிறிது சிறிதாக இறுக்கி, மயிரிழைபோன்ற வெடிப்புக்களை உண்டாக்குகின்றன. அதனைத் தடுக்க இரப்பரோடு மெழுகு முதலியன கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு நெகிழ்தோறும் அம்மெழுகு மேற்பரப்பிற்கு வந்து காக்கும். ஆதலின் ஓடாது நிற்கும் வண்டிக்கு அக்காவலும் குறைவு. உள்ளூர் டயர்க் கடைக்காரர் பக்கச்சுவரை விரலால் அழுத்தி அவ்வெடிப்புக்களைக் காட்டினார்.

"சட்டம் தடுக்கவில்லையே" என்றார் அம்மான். உண்மைதான். 2012இல் சரே மாவட்டத்தில் பஸ் ஒன்றின் முன் டயர் வெடித்து மூவர் மாண்டனர். அந்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கு மேல். மாண்டாருள் ஓர் இளைஞனின் அன்னை ஓயாது முயன்றார். 2021 பிப்ரவரி முதல் லாரி, பஸ் இவற்றின் முன்சக்கரங்களிற் பத்தாண்டு கடந்த டயர் கூடாதென்று பிரிட்டனில் விதி வந்தது. சொந்தக் காருக்கு அவ்விதி இல்லை. "மாமா, அந்த டயரின் வயதே எம் வயது" என்று மட்டும் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் காலை டயர்ப் பட்டியலை எம் முன் வைத்தார்.

இனி எதனைத் தெரிவது? ஈண்டே ஆராய்ச்சி பெரிதாயிற்று. ஒரு நலத்தை மிகுதியாய் வேண்டினால் மற்றொன்றை இழத்தல் டயரின் இயல்பு. மென்மையான இரப்பர் சாலையைப் பற்றும், விரைவில் தேயும். வன்மையானது நெடுநாள் உழைக்கும், பற்றுதல் குறையும். அகன்ற பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றும். ஆயின் உலர்ந்த சாலையிற் படும் இரப்பர் அவ்வளவு குறையும். அமெரிக்க முறைப்படி தேய்மானத்தைக் குறிக்கும் எண் ஒன்று டயரிற் பொறிக்கப்படுகின்றது. எண் ஏற ஏற ஆயுள் மிகும்.

அம்மான் முதலில் விரும்பியது அவ்வெண் 200 உடைய பந்தயச் சார்பான டயர். பள்ளம் குறைந்து, பார்வைக்கே வீரம் காட்டுவது. பந்தயக் களத்திற் சூடேறியபின் அதன் பிடிப்பு வியக்கத்தக்கது. ஆயின் டெவன் நாட்டுச் சாலையோ இருபுறமும் உயர்ந்த வேலிக்கரையுடைய ஒடுங்கிய வழி. டிராக்டர்கள் சிந்திய சேறும், தேங்கிய நீரும் அங்கே மிகுதி. அவ்வழியில் அந்த டயர் சூடேற இடமேது? தேங்கிய நீரை வெளியேற்ற வழியேது? நீர் வெளியேறாவிடில் டயர் நிலத்தை விட்டு நீரின்மேல் மிதக்கும். அப்பொழுது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரங்களே.

அடுத்தது நெடுநாள் உழைக்கும் குடும்ப வண்டி டயர். விலை மலிவு. ஆயின் ஸ்டீயரிங்கின் சிறு அசைவையும் சாலைக்கு உரைக்கும் கூர்மை அதற்கில்லை. ஸ்போர்ட்ஸ் காரின் உயிரே அக்கூர்மையிலன்றோ உள்ளது? மேலும் அம்மான் ஆண்டுக்கு ஓட்டுவது இரண்டாயிரம் மைலே. அந்த டயர் தேயுமுன் மூத்துவிடும். பயன்படாத ஆயுளுக்கு விலை கொடுத்தல் சிக்கனமாகாது.

மூன்றாவது, மழையை முன்னிட்டு அமைந்த விரைவுவண்டி டயர். ஆழ்ந்த பள்ளங்களும், நனைந்த சாலையிற் பற்றும் பொருட்டுச் சிலிக்கா மிகக் கலந்த இரப்பரும் உடையது. ஐரோப்பாவில் 2012 முதல் டயர்களோடு வரும் சீட்டில் எரிபொருட் சிக்கனம், நனைந்த சாலைப் பிடிப்பு, ஓசை என்னும் மூன்றும் தரப்படுத்தப்பட்டிருக்கும். நனைந்த சாலைக்கு இதன் தரம் ஏ. அச்சீட்டுப் புதிய டயர் நேர்ச்சாலையில் நிற்பதை மட்டுமே அளப்பது. வளைவையும் தேங்கிய நீரையும் அளவாது. ஆகவே சீட்டோடு நில்லாது பள்ளங்களையும் கண்ணாற் கண்டு ஒப்பிட்டோம். கோடை டயர்கள் 7 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் விறைக்கும். அம்மானோ, சாலையில் தூவும் உப்பு வண்டியைத் துருப்பிடிக்கச் செய்யுமென்று குளிர்காலத்தில் அதனை வெளியே எடுப்பதில்லை. ஆகவே அக்குறை தடையாகவில்லை.

பதினேழு அங்குலச் சக்கரமும் அகன்ற டயரும் இட்டால் அழகு மிகுமென்று ஓர் ஆசையும் எழுந்தது. பெருஞ்சக்கரம் எடை மிகும்; அதன் தாழ்ந்த பக்கச்சுவர் குழியிற் படும் அடியைத் தாங்காது; அகன்ற டயர் நீரிற் குறுகியதினும் முன்னதாக மிதக்கும். வண்டியை வகுத்தோர் குறித்த அளவே நிலைபெற்றது. நான்கும் ஒரே வகையாய், புதிதாய்ச் செய்தனவாய் வாங்கப்பட்டன. காற்றழுத்தமும் வண்டியின் குறிப்பேட்டிற் கண்டபடி 26 பவுண்டே. எடை குறைந்த வண்டிக்கு அதுவே போதும். புது டயரின் வழுவழுப்பு நீங்க முதல் 100 மைல் மெல்லச் செல்லுமாறு கடைக்காரர் அறிவுறுத்தினார்.

மூன்றாம் ஞாயிறன்று பிற்பகல் தந்தையும் மகளும் டார்ட்மூர் மேட்டுநிலத்திற்குப் புறப்பட்டனர். மூன்றாமவர்க்கு இடமின்மையின் யாம் மாமியோடு இல்லத்திருந்தோம். நாலு மணிக்கு மழை பிடித்தது, இடியோடு கொட்டிற்று. மாமி பலகணியை விட்டு அகலவில்லை. "அந்த டயர் மழைக்கு ஆகுமா, தம்பி?" என்று இருமுறை வினவினார். "ஆகும் அத்தை" என்றோம். அச்சொல்லைக் கூறுதற்கு எமக்கிருந்த துணிவு முழுதும் அவ்வாராய்ச்சி தந்ததே. ஆறரை மணிக்கு வண்டி திரும்பிற்று. வளைவொன்றில் ஆடுகள் வழியை அடைத்துக் கிடந்தனவென்றும், பிரேக்கை மிதித்ததும் வண்டி நேராய் நின்றதென்றும் அவர் மகள் கூறினாள். அம்மான் ஒன்றும் கூறாது, முன்சக்கரத்தைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு உள்ளே சென்றார்.

நண்பர்காள்! சிறந்த டயர் யாதென்று வினவுதல் பொருந்தாது. எவ்வழிக்கு, எப்பருவத்திற்கு, எவரை ஏற்றிச் செல்லுதற்கு என்று வினவுதலே பொருந்தும். நம் விருப்பம் காட்டும் சாலை ஒன்று. நாள்தோறும் நாம் செல்லும் சாலை வேறொன்று. அவ்விரண்டனுள் பின்னதற்கேற்பத் தெரிவோர் ஏமாறார். பள்ளம் கண்டு அமையாது அந்நான்கு இலக்கத்தையும் படியுங்கள். உங்கள் இல்லத்து வண்டி ஸ்போர்ட்ஸ் கார் அன்றாயினும் ஆகுக; தந்தையார் ஓட்டும் பழைய காரோ, தமையனார் ஏறும் மோட்டார் சைக்கிளோ எதுவாயினும், அடுத்த விடுமுறையில் அதன் பக்கத்திற் குனிந்து அவ்வட்டெழுத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். கற்ற கல்வி எழுத்தறிவித்தது இதற்குமாகவே.