பத்து எழுத்தில் நாதஸ்வரம்

மும்பை மாட்டுங்காவில் இருந்த என் தாய்மாமா காலமாகி ஒரு வருடம் ஆன பிறகு, அவருடைய கீபோர்டை விற்றுவிடுவதென்று அத்தை முடிவு செய்தார். வாங்க வந்த இளைஞர் பேரம் பேசாமலே நல்ல விலை சொன்னார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கம்பெனியிலிருந்து வந்தபோது என்னென்ன ஒலிகள் இருந்தனவோ, அவை அப்படியே உள்ளே இருக்க வேண்டும்.

அத்தைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "என்னவோ கேக்கறான், போட்டுக் குடுத்துடேன்" என்றார் என்னிடம். எனக்குப் பகீரென்றது. அந்த ஒலிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றிவிட்டுத் தன் ஒலிகளைக் குடிவைத்ததுதான் மாமா வாழ்நாளில் செய்த பெரிய காரியம்.

அது யமஹா டி.எக்ஸ்.7. 1983-ல் சந்தைக்கு வந்தது. ஒரு அலையைக் கொண்டு இன்னொரு அலையின் அதிர்வெண்ணை அதிவேகமாக ஆட்டினால் மணியோசை, பித்தளைக் குழலோசை என்று விதவிதமாகப் பிறக்கும் என்பதை 1967-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்தார். அந்த உத்தியில் செய்யப்பட்ட கருவி இது. ஓர் ஒலிக்கு 6 அலைகள். அவற்றை 32 விதமாக இணைக்கலாம். 80-களில் உலகம் முழுக்க மெல்லிசைக்காரர்கள் இதன் பின்னால் அலைந்தார்கள். மாமா 1988-ல் இதைப் பழைய விலைக்கு வாங்கினார். அதற்காக அத்தையின் 2 வளையல்கள் போயின என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

கருவியின் முகத்தில் இரண்டு வரிசையில் 32 பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. கம்பெனி வைத்திருந்த வரிசையில் 11-வது எலெக்ட்ரிக் பியானோ. 23-வது கோட்டோ என்கிற ஜப்பானிய நரம்புக் கருவி. 29-வது ஃபுட்பால் ரெஃப்ரியின் விசில். 31-வது ரயில். 32-வது விமானம் கிளம்பும் ஓசை. வீணை கிடையாது, நாதஸ்வரம் கிடையாது.

"நம்ம கல்யாணத்துல ஏரோப்ளேன் எதுக்குடா, மாப்ளே?" என்பார் மாமா. கல்யாணக் கச்சேரிகளும் கணபதி பந்தல்களும்தான் அவருடைய மெல்லிசைக் குழுவுக்குச் சோறு போட்டன. விசில், ரயில், விமானம் மூன்றும் முதல் மாதமே வெளியேறின.

ஓர் இடம் காலியானால்தான் புதிய ஒலிக்கு இடம். உள்நினைவின் பூட்டை எடுத்துவிட்டு, ஸ்டோர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்த வேண்டும். பழையது போய்ப் புதியது உட்கார்ந்துவிடும். இதைச் செய்வது எளிது. புதிய ஒலியை உருவாக்குவதுதான் கஷ்டம். இரண்டே வரி காட்டும் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு தள்ளுகட்டையை நகர்த்தி நகர்த்தி, நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். விடுமுறையில் போனால் நள்ளிரவுவரை ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கும் மாமாவைப் பார்த்திருக்கிறேன். வெறும் கட்டைகள் தட்டுப்படும் சத்தம்தான் எங்களுக்குக் கேட்கும்.

கோட்டோவையே எடுத்துத் திருத்தித் திருத்தி அவர் வீணையாக்கினார். அதே 23-ம் எண்ணில் வைத்தார். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த பிறகுதான் அதிலிருந்த நியாயம் எனக்கு விளங்கியது. புதிதாக வருவதற்கும் போவதற்கும் ஏதாவது உறவு இருந்தால், மேடையில் விரல் தடுமாறாது.

பெயர் வைப்பதில் வேறு சிக்கல். ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்கு மேல் இயந்திரம் ஏற்காது. நாதஸ்வரம் ஆங்கிலத்தில் சரியாகப் பத்து எழுத்து. மாமாவுக்கு அதில் பரம சந்தோஷம். ஜலதரங்கம் அப்படிப் பொருந்தவில்லை. அது "ஜலதரன்" என்று வெட்டுப்பட்டு, யாரோ ஓர் ஆசாமியின் பெயர்போல 21-ல் நின்றது.

இத்தனையையும் தாங்கிக்கொண்டிருந்தது ஒரு நாணயம் அளவுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோது உள்நினைவை உயிரோடு வைத்திருப்பது அதுதான். பேட்டரி தீர்ந்தால் 32-ம் போய்விடும். கம்பெனியின் ஒலிகளுக்கு அந்தப் பயம் இல்லை. அவை கூடவே வந்த கார்ட்ரிட்ஜில் அழிக்க முடியாதபடி பதிந்திருந்தன. அத்தையின் பீரோவில் அது பத்திரமாகவே இருந்தது. அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஏற்றலாம். மாமாவுடையவற்றுக்கு மட்டும்தான் நகல் இல்லை.

லாமிங்டன் ரோடில் ஒரு பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். 3 இருக்க வேண்டிய இடத்தில் 2.4. பேட்டரி தகட்டோடு சேர்த்து ஈயப்பற்று வைக்கப்பட்டிருந்தது. அதைக் கழற்றினால் நினைவு போய்விடும். "முதல்ல காப்பி எடுங்க. அதுக்கப்புறம்தான் கை வைப்பேன்" என்றார். அவரும் தமிழர்தான், தாராவிக்காரர்.

மிடி கேபிளைக் கம்ப்யூட்டரில் இணைத்தார். கீபோர்டின் திரையில் அனுப்பலாமா என்ற கேள்வி வந்தது. "ஆம்" பொத்தானை அழுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் முடிந்துவிட்டது. 32 ஒலிகளும் சேர்ந்து 4,104 பைட். மிடியின் வேகத்தில் ஒன்றேகால் வினாடி சொச்சம். மாமாவின் இத்தனை வருட இரவுகள், செல்ஃபோனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

டி.எக்ஸ்.7 போலவே இயங்கும் இலவச மென்பொருள் இருக்கிறது, பெயர் டெக்ஸ்ட். கோப்பை அதில் ஏற்றி 14-ஐத் தட்டினார். கடைக்குள் நாதஸ்வரம் கேட்டது. அசல் நாதஸ்வரம் இல்லைதான். ஆனால் மாமாவின் நாதஸ்வரம்.

கீபோர்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த எண், எந்தப் பாட்டுக்கு என்று மாமாவின் கையெழுத்தில், தமிழில். அது இல்லாவிட்டால் கோப்பில் இருப்பது வெறும் பெயர்கள்தான். அதைப் படியெடுத்துக்கொண்டேன். 28-ல் தவில். பக்கத்தில் "சரியா வரலை. வாசிக்காதே" என்று எழுதியிருந்தார். வராத தவிலையும் அவர் அழிக்கவில்லை. என்றைக்காவது சரிசெய்துவிடலாம் என்று நினைத்திருப்பார். 11-ல் மட்டும் கம்பெனியின் எலெக்ட்ரிக் பியானோ தொடப்படாமல் இருந்தது. அதற்கும் குறிப்பு உண்டு: "இது நல்லா இருக்கு."

புதுப் பேட்டரி போட்டாயிற்று. கார்ட்ரிட்ஜிலிருந்து கம்பெனி ஒலிகளும் ஏறின. மறுநாள் வாங்க வந்த இளைஞர் 31-ஐ அழுத்தினார். ரயில் ஓடியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தேடிவந்த 1983 அவருக்குக் கிடைத்தது.

பெட்டி போன பிறகு, மாமா மகளின் லேப்டாப்பில் கோப்பை ஏற்றிக் கொடுத்தேன். அத்தை சமையலறை வாசலிலேயே நின்று கேட்டார். வீணை, நாதஸ்வரம், ஜலதரன் எல்லாம் ஆயிற்று. கடைசியில் 28 வந்தது.

"இதான், இதான்" என்றார் அத்தை. "ராத்திரி பூரா இதைத்தான் போட்டு உருட்டிண்டிருப்பார். ஒருநாள்கூட எனக்குப் போட்டுக் காட்டினதில்ல."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டவர் செய்ததை அத்தை எப்படிக் கேட்டிருக்க முடியும் என்று நான் கேட்கவில்லை. கட்டைகள் தட்டுப்பட்ட சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்.