சும்மா தலைவலிதான் சார்!

பழனிசெட்டிபட்டி டீக்கடையில் நின்றுகொண்டு, "லேசா தலை வலிக்குதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். டீ வருவதற்குள் ஏழு வைத்தியம் வந்துவிடும்.

சுக்கை உரசிப் பற்று போடு என்பார் ஒருவர். எல்லாம் பித்தம், எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளி என்பார் இன்னொருவர். 'கண்ணாடி போடுப்பா', 'பிரஷரா இருக்கும்', 'காதுல காத்து அடிச்சிருக்கும், மப்ளரைச் சுத்து'... ஆடியில் இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக் காற்றுக்குக் காற்றாலையே சுற்றுகிறது, தலை சுற்றாதா என்று தர்க்கம் வேறு! கல்லாவில் இருப்பவர் மட்டும் பேசாமல் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கிழித்து நீட்டுவார்.

தலைவலி நமக்குப் புதுசு இல்லை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் என்ற ஆந்திரக்காரர் 1893-ல் பம்பாயில் ஆரம்பித்த அமிர்தாஞ்சன், 1914-ல் சென்னைக்குக் குடிவந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக நம் நெற்றியில் மணக்கிறது. மனிதர் முதலில் தலைவலி மருந்து, அப்புறம் பத்திரிகை என்று வரிசைக்கிரமமாகத் தொழில் செய்திருக்கிறார். விவரமானவர்!

எனக்கும் தலைவலிக்கும் காலேஜ் நாளிலிருந்து பழக்கம். ஒரு பக்கம் மட்டும் 'விண்விண்' என்று தெறிக்கும். டியூப் லைட்டைப் பார்த்தால் குமட்டும். மேனேஜர் சாதாரணமாகப் பேசினாலே திட்டுவது போல் கேட்கும். (திட்டினால் எப்படிக் கேட்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.) தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் இருக்கும், வீட்டில் வேறு யாருக்கு உண்டு, காலையில் சாப்பிடுகிறாயா, எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்... கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். கையைக் காலை மடக்கி நீட்டச் சொன்னார்.

"ஸ்கேன் எடுக்க வேணாமா மேடம்?"

"நீ சொன்ன கதையே போதும் தம்பி. இது ஒற்றைத் தலைவலி. மைக்ரேன்."

நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரைகூட நீடிக்குமாம். பெண்களுக்கு மூன்று மடங்கு அதிகம். 'எனக்கு சைனஸ்' என்று சொல்லிக்கொள்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் இதுதான். 2004-ல் அமெரிக்காவில் அப்படி 2,991 பேரைப் பரிசோதித்ததில் 88 சதவிகிதம் பேருக்கு மைக்ரேன் அறிகுறிகள்! சைனஸ் பாவம், வீண்பழி.

தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினது போல் இரண்டு பக்கமும் அழுத்தினால் அது டென்ஷன் தலைவலி. உலகத்தில் அதிகம் பேருக்கு வருவது இதுதான். இன்னொன்று கொஞ்சம் அபூர்வம், ஆண்களுக்கு அதிகம். பெயர் கிளஸ்டர். தினம் அதே நேரத்துக்கு, ஒரே கண்ணைச் சுற்றிக் குடைந்தெடுக்கும். அந்தப் பக்கக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும். கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை, ஆளை உட்கார விடாது. இதற்குக் கடை மாத்திரை சரிப்படாது. டாக்டரிடம் தனி வைத்தியம் இருக்கிறது.

கடை மாத்திரை என்றதும் எங்கள் ஆபீஸ் சீனியர் ஞாபகம் வருகிறார். அவர் டிராயரில் ஃபைலைவிட மாத்திரை அட்டை அதிகம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ஆடிட் வந்தால் இரண்டு. கடைசியில் டாக்டர் சொன்னது: "உங்களுக்கு வியாதியே மாத்திரைதான்!" தலைவலி மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல், மாதம் 15 நாளோ அதற்கு மேலோ போட்டால், அந்த மாத்திரையே தினமும் தலைவலியைக் கொடுக்க ஆரம்பிக்கும். காஃபீன் கலந்தது, இரண்டு மூன்று மருந்து சேர்ந்தது என்றால் 10 நாளே போதும். வயிறும் கிட்னியும் கெடுவது தனிக்கணக்கு. சீனியர் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தினார். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் போக முடியவில்லை. கடித்துக் குதறினார். இப்போது மாதம் இரண்டு நாள்தான் தலைவலி என்கிறார். டிராயரில் ஃபைல் இருக்கிறது.

இதுவரை சொன்னது தொல்லை கொடுக்கிற தலைவலி. ஆளையே கொண்டுபோகிற தலைவலியும் இருக்கிறது.

எங்கப்பாவுக்கு அப்போது 64 வயது. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது, நாய் குறுக்கே வந்து டி.வி.எஸ்-ஸோடு சாய்ந்தார். தலையில் சின்னதாக ஒரு வீக்கம், அவ்வளவுதான். ஹெல்மெட் வண்டியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வீக்கம் வடிந்தது. எல்லோரும் மறந்தோம். மூன்று வாரம் கழித்துத் தலை வலிக்கிறது என்று படுத்தார். ஆபீஸுக்கு அம்மா போன்.

"ஏண்டா, உங்கப்பா நடக்கயில இடது கால் செருப்பு கழண்டு கிடக்குது. அதுகூடத் தெரியாம நடக்குறாருடா."

பர்மிஷன்கூடக் கேட்கவில்லை, ஓடினேன். "சும்மா தலைவலிதாண்டா, எதுக்குடா காரு?" என்று வாய் குழறிக்கொண்டே வந்தார். ஸ்கேனில், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. வயதானவர்களுக்குச் சின்ன அடிபட்டாலும் வாரக்கணக்கில் மெதுவாக இப்படிக் கசியுமாம். அன்று ராத்திரியே மதுரையில் மண்டை ஓட்டில் துளை போட்டு வெளியேற்றினார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அம்மா அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்து காபியில் சர்க்கரை கம்மி என்று சத்தம் போட்டார். அத்தனை இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அதனால் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இடி விழுந்தாற்போல் ஒரே நிமிஷத்தில் உச்சத்துக்குப் போகும் வலி; காய்ச்சலோடு கழுத்து விறைப்பு; கை, கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வைக் கோளாறு, வலிப்பு, குழப்பம்; தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி - இவற்றுக்கு டீக்கடை ஆலோசனை வேண்டாம். உடனே 108. நம் பக்கத்தில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் வலி, நாளுக்கு நாள் ஏறும் வலி, இருமினாலோ குனிந்தாலோ கூடும் வலி, கர்ப்பிணிக்குப் புதிதாக வரும் வலி - இவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

மற்றவர்களுக்கு ஒரு மலிவான யோசனை. வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் தலை வலித்த நாளெல்லாம் ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளில் ஒரு பெருக்கல் குறி. தூங்காதது, காலைச் சாப்பாட்டை விட்டது இதையும் கிறுக்கி வையுங்கள். மாதம் 15 புள்ளி வீதம் மூன்று மாதம் தொடர்ந்தால் அதற்குப் பெயர் நாள்பட்ட தலைவலி. அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலையைக் கெடுக்கிறது என்றாலே தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகலாம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வாஸ்தவம். ஆனால் சில தலைவலி, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரிகிறது. யாராவது 'சும்மா தலைவலிதான்' என்றால், தயவுசெய்து அவர் காலையும் ஒரு தடவை பாருங்கள் சார்.