ஓடும் வண்டியும் ஓயாத பேணுதலும்

பயன்படுத்தப் பயன்படுத்தப் பொருள்கள் தேயும் என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் மோட்டார் வண்டியின் இன்ஜினைச் சற்று உற்று நோக்கினால் இவ்வுண்மைக்கு ஒரு மறுபக்கம் இருப்பது புலனாகும். ஓடித் தேய்கிற இன்ஜின்களைவிடக் கவனிப்பாரின்றிக் கெடுகிற இன்ஜின்களே மிகுதி. நெடுந்தொலைவு ஓடிய வண்டிகளின் வரலாறு நமக்கு இதைத்தான் எடுத்துரைக்கிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இர்வ் கார்டன் என்னும் அறிவியல் ஆசிரியர் வாழ்ந்தார். 1966-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் ஒரு சிவப்பு நிற வால்வோ பி1800 வண்டியை வாங்கினார். வேலைக்குச் சென்று திரும்ப நாள்தோறும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருந்தது. 1987-இல் அவ்வண்டி பத்து லட்சம் மைலைக் கடந்தது. 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் முப்பது லட்சம் மைலை, அதாவது சுமார் 48 லட்சம் கிலோமீட்டரை, எட்டியது. நிலவுக்கு ஆறு முறை சென்று திரும்பினால்கூட அவ்வளவு தூரம் வராது! 2018-இல் அவர் மறையும் வரை அவ்வண்டி அவரிடமே இருந்தது.

அவர் கையாண்ட இரகசியம்தான் என்ன? இரகசியமே இல்லை என்பதுதான் விடை. வண்டியோடு தரப்பட்ட கையேட்டைப் படித்தார். அதில் சொன்னபடி செய்தார். மூவாயிரம் மைல் சொச்சத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினார். புதிய சத்தம் ஏதேனும் கேட்டால் நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் அன்றே கவனித்தார். இவற்றுள் எதுவும் அரிய செயலன்று. அரை நூற்றாண்டுக் காலம் ஒருநாளும் சலிக்காமல் செய்தாரே, அதுவே அரிது.

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் கிரிகோரியோஸ் சசினிடிஸ் என்னும் டாக்சி ஓட்டுநர் இருந்தார். அவருடைய 1976-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பின் 2004-இல் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஆனால் அவ்வண்டியின் இன்ஜின் பலமுறை கழற்றி மாற்றப்பட்டது. எனவே 'நீடித்தது' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. இரும்பு நீடித்ததா? அதைப் பேணிய மனிதரின் பழக்கம் நீடித்ததா? இரண்டாவதே சரியெனத் தோன்றுகிறது.

இன்ஜினுக்குள் நடப்பது வியப்புக்குரியது. கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்கும், ஓடுகின்ற வேளையில், ஒன்றையொன்று ஏறக்குறைய தொடுவதே இல்லை. இடையே மயிரிழையினும் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. படலம் உள்ளவரை இரும்பு இரும்போடு உரசாது. வண்டி நெடுநேரம் நின்றிருந்தால் ஆயில் கீழே வடிந்துவிடும். மறுபடி கிளப்பும் முதல் சில நொடிகளில்தான் தேய்மானம் மிகுதி. கிளப்பியவுடன் ஆக்சிலேட்டரை அழுத்தி உறுமவிடாதீர்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னதன் காரணம் இதுவே.

குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டி இளமையோடு இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. இன்ஜின் முழுச் சூட்டை அடையாமலே நிறுத்தப்பட்டால், எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவியும் எரியாத எரிபொருளும் ஆயிலில் தங்கிவிடும். அங்கே அமிலமும் கசடும் சேரும். நெடுஞ்சாலையில் சீராக ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, கடைத்தெருவுக்கு மட்டும் போய்வந்த வண்டியைவிட நலமாக இருப்பதில் வியப்பில்லை.

தண்ணீரும் அப்படியே. ரேடியேட்டரில் குறைந்ததும் அருகிலுள்ள குழாயடியில் பிடித்து ஊற்றுவது நம் ஊர்களில் பழக்கம். உப்பு நீர் உள்ளே படிமமாகப் படியும், துருவும் சேரும். குளிர்விக்கும் வழி அடைபட்டு ஒருநாள் இன்ஜின் கொதிக்கும். ஹெட் கேஸ்கெட் போகும். சில நூறு ரூபாய்க் கூலன்ட்டுக்குக் கணக்குப் பார்த்தவர் பல ஆயிரங்களை எண்ணி வைப்பார். காற்று வடிகட்டியின் கதையும் இதுதான். சாலைப் புழுதியிலுள்ள மணல்துகள் இரும்பையே அராவ வல்லது.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் பயன்படுத்தும் டீசல் வண்டி 2008-இல் வாங்கப்பட்டது. 2023-இல் பதினைந்து ஆண்டு நிறைந்து பதிவைப் புதுப்பிக்கும் வேளை வந்தபோது அது 3,80,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முதிய அன்னையை மாதம் இருமுறை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், தெருவில் எவருக்கேனும் இரவில் நோய் கண்டால் ஓடுவதும் அவ்வண்டிதான். அப்போது ஆயில் சற்றுக் குறையத் தொடங்கியது. ஏற்றத்தில் நீலப் புகை தென்பட்டது. நீலப் புகை ஆயில் எரிவதன் அடையாளம்; கறும்புகை எரிபொருள் மிகுதியின் அடையாளம்; நீங்காத வெண்புகை தண்ணீர் உள்ளே கசிவதன் அடையாளம்.

"இந்தத் தொகைக்கு இன்னொரு வண்டிக்கு முன்பணம் கட்டலாமே" என்று உறவினர் பலரும் கூறினர். பட்டறை மெக்கானிக் கம்ப்ரஷன் அளந்து பார்த்துவிட்டு, "பேரிங் நல்லா இருக்கு சார். ரிங்குதான் தேஞ்சு போச்சு. நேரத்துக்கு ஆயில் மாத்தின வண்டின்னு உள்ளே பார்த்தாலே தெரியுது. இதைக் கொடுத்துட்டா உடைச்சுப் போட்டுடுவாங்க" என்றார். அவர் சொல்லில் வியாபாரம் இருந்திருக்கலாம். ஆனால் அளவுமானி காட்டிய எண்ணில் வியாபாரம் இல்லை.

எனினும் நம்மை உறுத்தியது செலவன்று. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கவல்லது என 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. நம் தெருமுனையில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. நம் அன்னையின் வசதிக்காகப் பிறர் பிள்ளைகள் அப்புகையைச் சுவாசிக்கலாமா? பழையதைப் பேணுவது நற்பண்புதான். ஆயின் அப்பேணுதல் அடுத்தவர் தலையில் சுமையாக இறங்குமானால் அது பண்பாகாது, பற்று ஆகிவிடும். மறுபுறம், இன்னும் உழைக்கக்கூடிய ஒன்றை உடைத்து, அதற்கு ஈடாக மேலும் ஒன்றரை டன் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் உருவாக்கச் சொல்வதும் விலையற்ற செயலன்று.

இரண்டையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். இன்ஜினை இறக்கி ரிங்குகளை மாற்றினோம், வால்வுகளைச் சீர்செய்தோம். அதன்பின் புகைச் சோதனைக்குச் சென்றோம்; வண்டி தேறியது. அப்போதே நமக்கென ஓர் எல்லையும் வகுத்துக்கொண்டோம். ஆண்டுக்கு இருமுறை தவறாமல் சோதிப்பது. என்று அது தேறாமற் போய், செம்மையான பழுதுநீக்கத்துக்குப் பின்னும் தேறவில்லையோ, அன்றே நிறுத்திவிடுவது. அன்னையை வாடகை வண்டியில் அழைத்துச் செல்ல நேர்ந்தாலும் சரியே.

பராமரிப்பு என்பது கையில் கிரீஸ் படுவது மட்டுமன்று. அளந்து பார்ப்பதும், காது கொடுத்துக் கேட்பதும், குறித்து வைப்பதும், அளவு சொல்லும் உண்மையை விரும்பாவிடினும் ஏற்பதும் அதன் பகுதிகளே. சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், டைமிங் பெல்ட் மாற்றவேண்டிய நாள் ஆகியவை அதில் இருந்தால், ஐயத்துக்கும் அச்சத்துக்கும் இடமிராது. டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி நொடியில் எல்லாம் பாழாகும். அது பெரும்பாலும் முன்னறிவிப்புத் தருவதில்லை.

பெருஞ்செயல்களைச் செய்ய ஒருநாள் உற்சாகம் போதும். சிறு செயலை ஆயிரம் முறை மாறாமல் செய்வதற்கோ அன்பு வேண்டும். ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்துப் பார்க்க ஆகும் நேரம் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தைத் தர மனமிருப்பவரிடம் இயந்திரம் மட்டுமா, முதுமையும் உறவும் நட்பும்கூட நெடுந்தூரம் துணைவரும் அன்றோ!