அம்மாயி வீட்டு மாடும் ஒன்றரை யூனிட் கரண்டும்

செமஸ்டர் லீவுக்கு ராசிபுரம் பக்கம் அம்மாயி ஊருக்குப் போயிருந்தேன். போன மறுநாள் விடியற்காலையில் ஒரே களேபரம். முதல் நாள் கன்று போட்ட மாடு எழுந்திருக்கவே இல்லை. கழுத்தை வயிற்றுப் பக்கம் மடக்கிக்கொண்டு படுத்துக் கிடந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அம்மாயி கண்ணில் தண்ணீர். அவர் கைச்செலவுக்கு வருவதே அந்த ஒரு மாட்டின் பால் காசுதான்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு "பால் காய்ச்சல்" என்றார். பேர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. கன்று போட்டதும் பாலுக்கு ஏகப்பட்ட கால்சியம் போய்விடும். ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு சாய்ந்துவிடும். ஒரு பாட்டில் மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினார். முக்கால் மணி நேரத்தில் மாடு எழுந்து நின்றது. அம்மாயி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் காலி பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். கெமிஸ்ட்ரி படிக்கிறவன் புத்தி :)

கால்சியம் போரோகுளுக்கோனேட். கால்சியம் குளுக்கோனேட்டோடு போரிக் அமிலம் சேர்த்துச் செய்வது. குளுக்கோனேட் வருவது குளுக்கோஸிலிருந்து. குளுக்கோஸை ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கலாம். ஸ்டார்ச்சுக்கு சேலம், நாமக்கல் பக்கம் பஞ்சமா என்ன? எங்கே பார்த்தாலும் குச்சிக்கிழங்குக் காடு, நடுவில் சேகோ ஆலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குளுக்கோஸைக் குளுக்கோனேட் ஆக்க அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டும். புரோமினை நேரடியாக ஊற்றினாலும் வேலை நடக்கும். ஆனால் புரோமின் தோலைப் புண்ணாக்கும், அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். லாரியில் கொண்டுவருவதும் ஆபத்து, மிச்சமாகும் கழிவும் தொல்லை. மின்னாற்பகுப்பில் இதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. குளுக்கோஸ் கரைசலில் கொஞ்சம் புரோமைடு உப்பும் சுண்ணாம்புத் தூளும் (கால்சியம் கார்பனேட்) போட்டு, கிராஃபைட் தண்டுகள் வழியாகக் கரண்ட் விட வேண்டும். நேர்மின்வாயில் புரோமைடு புரோமின் ஆகும். அது உடனே குளுக்கோஸைத் தாக்கிவிட்டு மறுபடி புரோமைடு ஆகிவிடும். அதே உப்பு திரும்பத் திரும்ப உழைக்கும். உண்மையில் செலவாவது கரண்ட் மட்டுமே.

இந்த மாதிரி வேலைக்கென்றே நம் ஊரில் ஒரு இடம் இருக்கிறது. காரைக்குடி செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறந்தார்கள். எச்.வி.கே. உடுப்பா போன்றவர்கள் அங்கே கரிமச் சேர்மங்களை மின்சாரத்தால் செய்யும் ஆராய்ச்சியை வளர்த்தார்கள். இந்தக் கால்சியம் குளுக்கோனேட்டும் அங்கே செய்து பார்த்த ஒன்று. (இன்று உலகத்தில் குளுக்கோனேட்டில் பெரும்பகுதி பூஞ்சையை வைத்து நொதிக்க வைத்துத் தயாராகிறது. அம்மாயி வீட்டு பாட்டில் எந்த வழியில் வந்ததென்று லேபிள் சொல்லவில்லை!)

அன்றைக்கு மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான். 1 கிலோ குளுக்கோஸ் என்றால் ஏறக்குறைய 298 ஆம்பியர்-மணி. செல்லுக்கு 5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், கொஞ்சமும் வீணாகாமல் போனால், 1.5 யூனிட். அவ்வளவுதான்! இதைவிடப் பசுமையான வழி ஏது என்று தோன்றியது.

அப்புறம்தான் உறைத்தது. அந்த 1.5 யூனிட் எங்கிருந்து வருகிறது? எங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. மேட்டூரில் 1934-ல் கட்டி முடித்த அணை இருக்கிறது, தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்கள். அதே மேட்டூரில் அனல் மின் நிலையமும் இருக்கிறது, அங்கே எரிவது நிலக்கரி. நிலக்கரி கரண்டில் 1 யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். அப்படியானால் 1 கிலோ குளுக்கோஸுக்கு ஒன்றரை கிலோ புகை. ஆலைக்குள் சுத்தம், புகைபோக்கியில் அழுக்கு. மின்வாயும் முக்கியம். காஸ்டிக் சோடா செய்ய உலகம் முழுக்கப் பல ஆலைகள் பாதரச செல்லைத்தான் வைத்திருந்தன. அதுவும் மின்னாற்பகுப்புதான், ஆனால் அதைப் பசுமை என்று யார் சொல்வார்கள்?

பரீட்சையில் "எலக்ட்ரான்தான் மிகச் சுத்தமான வினைபொருள்" என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். இனிமேல் கூட ஒரு வரி சேர்த்து எழுதுவேன்: பிளக்குக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பசுமை என்று சொல்லக்கூடாது.

ராத்திரி இதையெல்லாம் அம்மாயிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஏங்கண்ணு, கரண்ட்டுல மருந்து செய்யறாங்க, சரி. கரண்டு போயிட்டா?"

"நின்னுரும் அம்மாயி. வந்ததும் மறுபடி ஓடும்."

"அப்ப வெயில் அடிக்கையில மட்டும் ஓட்டுனா ஆகாதா? பக்கத்துக் காட்டுல மோட்டாரே அப்படித்தான ஓடுது."

பக்கத்துக் காட்டில் சோலார் பம்ப்செட் போட்டிருக்கிறார்கள். சின்ன அளவில் பாட்ச் பாட்சாகச் செய்யும் செல்லுக்கு அது நடக்கக்கூடிய யோசனைதான். புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது.