லாரியில் ஏறிய கார்

மூலக்கொத்தளவாசியை வேகத்தைப் பற்றி எழுதச் சொல்வது, சந்நியாசியிடம் சம்சாரத்தைப் பற்றி விசாரிப்பது போன்றதுதான். ராயபுரம் பக்கம் துறைமுக லாரிகள் வரிசை கட்டிவிட்டால், நடந்து செல்பவர் நம்மை முந்திக்கொண்டு போய், காரியத்தை முடித்துத் திரும்பியும் வந்துவிடுவார்!

ஆயினும் வேகத்துக்கும் வடசென்னைக்கும் பழைய உறவு உண்டு. இங்கிருந்து வடக்கே கல்கத்தா சாலையில் சென்றால், செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரம். இரண்டாவது உலக யுத்தகால விமானத்தளம் ஒன்று அங்கே இருந்தது. 1953 இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதிலேதான் வெகுகாலம் பந்தயங்கள் நடத்தியது. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைந்ததும் பந்தயம் அங்கே குடிபெயர்ந்தது. பந்தயம் போய்விட்டது, ஆனால் வாலிபர்களின் ஆசை போகவில்லை. அது இரவு நேரச் சாலைகளில் புகுந்தது. என் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருந்த பையன் ஒருவன் அப்படி ஓர் இரவு சென்றவன் வீடு திரும்பவில்லை.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையை அடைத்து, இரவு வெளிச்சத்தில் பார்முலா 4 கார்களை ஓட்டினார்கள். மறுவாரம் மாணவன் ஒருவன் எழுந்து, "அவர்கள் ஓட்டினால் பந்தயம், நாங்கள் ஓட்டினால் குற்றமா, சார்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானதே. அதற்கு என்னைவிட நன்றாக விடை சொல்லக்கூடியவன் என் பழைய மாணவன் ஒருவன். லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவன்.

அவன் சேமித்த பணத்தில் பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை வாங்கிப் பின் ஆசனங்களைக் கழற்றி எறிந்தான். ஓட்டுநர் ஆசனத்தை மாற்றினான், டயர்களை மாற்றினான். பதிவுச் சான்றுக்கு மாறாகத் திருத்திய வண்டியைச் சாலையில் ஓட்ட 1988 ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இடம் தராது. ஆகவே, தடம் திறந்திருக்கும் நாளில் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் புறப்படுகிறான். "ஏம்ப்பா, ஓடாத காரை எதுக்கு வாங்கினே? லாரி வாடகைக்கே உன் சம்பளம் போயிடுமே!" என்று எதிர்வீட்டுப் பாட்டி அங்கலாய்க்கிறாள்.

நான் அவனிடம், "எஞ்சினை என்னப்பா செய்தாய்?" என்று கேட்டேன். "அதை இன்னும் தொடவில்லை, சார். முதலில் பிரேக்" என்றான்.

அந்த வார்த்தை எனக்குப் பரம திருப்தி அளித்தது. வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். வண்டியை நிறுத்தும்போது அவ்வளவும் பிரேக்கில் உஷ்ணமாக மாறவேண்டும். புதிய டாட் 4 பிரேக் திரவம் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிவிட்டாலோ, தாங்கும் அளவு 155 டிகிரிக்கே இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதித்த கட்டை தரையைத் தொடும். வண்டி மட்டும் நிற்காது. தடத்திலே இது நேர்ந்தால், விலகி ஓட இடம் உண்டு. எதிரே வண்டி வராது. தலைக்கவசமும் ஆம்புலன்சும் உண்டு. திருவொற்றியூர் சாலையிலோ பால்காரரும் பள்ளிக் குழந்தையும் அல்லவா எதிரே வருகிறார்கள்?

இது பணக்காரர் விளையாட்டு என்பது பாதி உண்மைதான். ஆனால் கோவை கரிவர்தன், சாதாரண மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை வைத்தே பார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். அந்த வகைக் காரில் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005 இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். நம் பட்டறைகளில் கைத்திறனுக்கு என்றுமே பஞ்சம் இல்லை, வழிகாட்டுவாருக்குத்தான் பஞ்சம்.

அடுத்த முறை லாரி புறப்படும்போது, கேள்வி கேட்ட மாணவனையும் அவன் தோழர் மூவரையும் அழைத்துச் செல்வதாக அவன் சொல்லியிருக்கிறான். பெற்றோரின் சம்மதம் கேட்டு நான்கு வீடுகளுக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறேன். மூன்று வீடுகளிலிருந்து பதில் வந்துவிட்டது.